மூடியில் இருப்பது பெயர்தான்

அடர்மஞ்சள் என்ற பெயரில் மூன்று நிறுவனங்களின் பெயின்ட் புட்டிகளை வாங்கி, ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டில் அடுத்தடுத்துத் தீற்றிப் பாருங்கள். ஒன்றில் பச்சை எட்டிப்பார்க்கும், ஒன்று கடுகு, ஒன்று ஆற்றுமணல். மூன்றுமே இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி நிறம் என்றுதான் சொல்லிக்கொள்ளும். வரலாற்றுப் பெயரையோ தர எண்ணையோ பார்த்துப் பெயின்ட் வாங்குவது ராணுவ மாடல் செய்பவர்களிடம் வேரூன்றிய வழக்கம். அதை எடைபோட இந்தத் துண்டிலிருந்தே தொடங்கலாம்.

வழக்கத்துக்கு வலுவான நியாயம் இருக்கிறது. ஜெர்மனியில் 1927இல் 40 நிறங்களோடு தொடங்கிய ஆர்.ஏ.எல். அட்டவணையும், அமெரிக்கா 1956இல் வெளியிட்ட ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595உம் நிறத்துக்கு எண் கொடுத்தன. அமெரிக்க எண்ணின் முதல் இலக்கமே மினுமினுப்பைச் சொல்லிவிடும்: 1 என்றால் பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 மேட். ‘கரும்பச்சை’ என்றால் ஆளுக்கொரு பச்சை மனதில் வரும். வியட்நாம் போர்க்கால அமெரிக்க விமானத்தின் 34079 என்றால் பேச்சு ஓரிடத்தில் நிற்கும். பெட்டிப் படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பூசுவதைவிட இது நிச்சயம் மேல். உரசிய இடத்தை ஆறு மாதம் கழித்துத் திருத்தவும் அதே புட்டி கைகொடுக்கும். கையால் கலந்த நிறம் இரண்டாம் முறை அப்படியே வராது.

எண்ணில் குறையில்லை. அதைப் போர்க்களத்தின் நிறமாகவே நம்பிவிடுவதில்தான் குறை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் வாகனங்களின் அடிநிறத்தை அடர்சாம்பலிலிருந்து அடர்மஞ்சளுக்கு மாற்றியது. மேலே பூச ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் குழம்பாகப் படைப்பிரிவுகளுக்குப் போயின. பெட்ரோலோ தண்ணீரோ, கிடைத்ததை விட்டுக் கரைத்து வீரர்களே பூசினார்கள். யார் எவ்வளவு நீர்க்க விட்டார்கள் என்பதைப் பொறுத்து வண்டிக்கு வண்டி நிறம் மாறியது. நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் சிவப்புச் சட்டையும் இப்படித்தான். சாதாரணச் சிப்பாய்க்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம். அதிகாரிக்குக் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளிச்சிடும் சிவப்பு. அணிவகுப்பிலேயே இரண்டு சிவப்பு. வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நடந்த பின் எத்தனையோ சிவப்பு. இதில் புட்டியில் அடைத்த சிவப்பு எது?

அடுத்தது அளவு. 1/35 டாங்கியை ஒரு மீட்டர் தள்ளிப் பார்ப்பது, நிஜ டாங்கியை 35 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். தொலைவில் நிறம் வெளிறும் என்று சொல்லி, 1/72க்கு 15 விழுக்காடு, 1/48க்கு 10 விழுக்காடு வெள்ளை சேர்க்கும் சூத்திரம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அதையும் கண்மூடி ஏற்க முடியாது. சிவப்பில் வெள்ளை விழுந்தால் ரோஜா நிறமாகிவிடும். வெள்ளைக்குப் பதில் இளமஞ்சளோ தோல் நிறமோ கலந்தால் சிவப்பு சிவப்பாகவே தெளியும். சிப்பாய் உருவங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். விரலளவு உருவத்தின் மடிப்புகளில் இயல்பான நிழல் விழாது என்பதால், ஒரே சட்டைக்கு நிழல், அடிநிறம், வெளிச்சம் என மூன்று சாயல்களாவது பூசுகிறோம். அந்த மூன்றில் ‘சரியான’ நிறம் எது என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்த வழக்கம் நம் கவனத்தைப் பெயரிலேயே கட்டிப்போடுவது. பூச்சு நிற்குமா உதிருமா என்பதை முடிவு செய்வது பெயின்டின் வகையும் உருவத்தின் பொருளும்தான். மென்மையான பி.வி.சி. உருவத்தில் எனாமலை நேரடியாகப் பூசினால், அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கசிந்து பூச்சை உலர விடாது, மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். 1959இல் ஏர்ஃபிக்ஸ் கொண்டுவந்த சிறு பாலித்தீன் வீரர்களின் துப்பாக்கியை லேசாக வளைத்தாலே பெயின்ட் செதில் செதிலாக உதிரும். சோப்பு நீரில் கழுவி, பிரைமர் அடித்து, வளைந்துகொடுக்கும் அக்ரிலிக்கைப் பூசுவதே அவற்றுக்கு ஏற்றது. வரிசையும் முக்கியம். அக்ரிலிக்மேல் எனாமல் அல்லது ஆயில் வாஷ் கொடுத்தால் அடிப்பூச்சு கரையாது. எனாமல்மேல் லாக்கர் அடித்தால் பூச்சு சுருங்கிவிடும். ஊரின் காற்றும் பேசும். சென்னையில் ஐப்பசி மழைநாளில் லாக்கரைத் தெளித்தால், ஈரம் ஏறிப் பூச்சு வெண்மையாக மங்கிப்போகும். மூடியில் அச்சிட்ட எண் இதில் எதையும் எச்சரிப்பதில்லை.

ஆனால் எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ராணுவ நிறங்களில் இரண்டு வகை உண்டு: அடையாளம் சொல்பவை, மறைப்பவை. பிரிட்டிஷ் சட்டையின் கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் உள்ள நிறம் படைப்பிரிவைச் சொல்லும். ‘ராயல்’ பட்டம் பெற்ற படைக்கு நீலம். பச்சைச் சட்டை அணிந்த 95ஆம் ரைஃபிள் படைக்குக் கறுப்பு. அங்கே நிறம் மாறினால் படையே மாறிவிடும். ஆகவே ஆதாரத்தைத் தேடிக் கறாராக நிற்க வேண்டும். டாங்கியின் மேல்பூச்சோ மண்ணோடு கலந்து மறைவதற்காக இருந்தது. தூசி, புகை, வெயில் எல்லாம் அதன் பங்காளிகள். அங்கே அரைச் சாயல் கூடக் குறைய இருப்பதைப் பிழை என்று சண்டை பிடிப்பது வீண்.

என் தீர்ப்பு இதுதான். முதலில் பொருளுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து அடிநிறத்துக்கு ஒரு புட்டி. பெயர் மூன்றாவதாக வரட்டும். ஒரே டாங்கிக்காக எட்டுப் புட்டித் தொகுப்பு வாங்கும் பணத்தில் வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், பழுப்பு ஆகிய நான்கையும் நல்ல பிரஷ் ஒன்றையும் வாங்கலாம். வாங்கியதும் மாடலின் அடிப்பக்கத்தில் ஒரு துளி பூசி, ஒரு நாள் விட்டு, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பிறகு சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறத்தைப் பாருங்கள். இந்த இரண்டிலும் தேறினால் மூடியில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பெயின்டை நம்பிப் பூசலாம்.