ஆணின் காத்திருப்புக்குத்தான் கதை உண்டா?

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக்கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்கள் நான் வாசித்தவற்றில் பல, அந்தப் பெண்களைவிட அவர்களது பயிற்சியாளர் அமோல் மஜும்தாரைப் பற்றியே உருகி எழுதப்பட்டிருந்தன.

கதை பலருக்கும் தெரியும். 1988இல் பள்ளி ஆட்டமொன்றில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ஓட்டங்கள் குவித்தபோது, அடுத்து இறங்கவேண்டியவர் மஜும்தார். தயாராகக் காத்திருந்தார்; இறங்கவே இல்லை. பிறகு பம்பாய்க்காக ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ஓட்டங்கள். முதல்தரக் கிரிக்கெட்டில் மொத்தம் 11,000க்கும் மேல். ஆனாலும் இந்திய அணியின் தொப்பி அவருக்குக் கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். கோப்பை வந்தது, காத்திருப்பு தீர்ந்தது.

அவரது உழைப்பையோ கண்ணியத்தையோ நான் குறைசொல்லவில்லை. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்ற அணி மீண்டெழுந்ததில் அவருக்கும் பங்குண்டு. என் சிக்கல் இந்தக் கதையின் கட்டுமானத்தோடு. 2007இல் வந்த ‘சக் தே இந்தியா’ படத்தில், பெண்கள் ஹாக்கி அணியின் வெற்றி கபீர் கானின் மேல் விழுந்த பழியைத் துடைக்கிறது. நிஜத்திலும் அதே திரைக்கதையைப் பொருத்திவிட்டார்கள். பெண்கள் ஓடி, விழுந்து, வென்றது ஓர் ஆணுக்கு வரவேண்டியிருந்த பாக்கி வசூலானதுபோல் ஆகிவிடுகிறது.

காத்திருப்புதான் கதையென்றால், அதைவிடப் பொருத்தமான ஒருத்தி அதே களத்தில் இருக்கிறார். நூஷின் அல் கதீர், கர்நாடகத்தைச் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர். ஒருநாள் ஆட்டங்களில் 100 விக்கெட் எடுத்தவர். 2005 உலகக்கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற அணியில் ஆடியவர். 2023 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் உலகக்கோப்பையை இந்தியா வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். இந்தியப் பெண்கள் கிரிக்கெட்டுக்குக் கிடைத்த முதல் உலகக்கோப்பை அது. 2025 பிப்ரவரியில் அதே கோப்பையை மீண்டும் வென்றார்கள். அப்போதும் பயிற்சியாளர் அவரே.

இறுதியில் தோற்றவள் 18 ஆண்டு கழித்துப் பயிற்சியாளராக வந்து கோப்பையை வெல்கிறாள். திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? இருந்தும் இந்தக் கதை ஓரிரு செய்திகளோடு நின்றுவிட்டது. 2023 ஜூலையில் வங்கதேசப் பயணத்துக்கு மட்டும் மூத்தோர் அணி அவர் பொறுப்பில் விடப்பட்டது. நிரந்தரப் பதவி வேறொருவருக்குப் போனது.

இது புதிதுமல்ல. முன்னாள் அணித்தலைவி பூர்ணிமா ராவ் பயிற்சியாளராக இருந்தபோது, 2016இல் இந்தியா ஆஸ்திரேலிய மண்ணிலேயே டி20 தொடரை வென்றது. 2017 உலகக்கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது அவர் நீக்கப்பட்டார். அந்த அணி லார்ட்ஸ் இறுதிவரை சென்றபோது பயிற்சியாளர் இருக்கையில் துஷார் அரோத்தே இருந்தார். அதன்பின் ரமேஷ் பவார், டபிள்யூ.வி. ராமன், மறுபடி பவார், மஜும்தார் என அந்த இருக்கை முழுநேரமாக ஆண்களிடமே இருக்கிறது.

ஆணின் காத்திருப்பு தியாகமாக வாசிக்கப்படுகிறது. பெண்ணின் காத்திருப்பு இயல்பாகக் கொள்ளப்படுகிறது. காத்திருப்பதுதானே அவள் வேலை! இன்னொன்றும் உண்டு. மஜும்தார் கதைக்கு ஒரே நாயகன் போதும். நூஷினின் கதையைச் சொல்லப்போனால் ஒரு வரிசையையே சொல்ல வேண்டிவரும். 2005 அணிக்குப் பயிற்சியளித்தவர் தமிழ்நாட்டுக்காக ஆடிய சுதா ஷா. 1976இல் இந்தியப் பெண்கள் ஆடிய முதல் டெஸ்டிலேயே களமிறங்கியவர். பெண்கள் கிரிக்கெட் இந்திய வாரியத்தின் கீழ் வந்ததே 2006இல்தான். அதற்கு முன், கையில் பெரிதாகக் காசு புழங்காத காலத்தில் அந்த அணியை இறுதிவரை கொண்டுபோனார். அவரிடம் பயின்ற நூஷின், 2023இல் தன் பங்குக்கு ஒரு தலைமுறையைத் தயார்செய்தார். அந்த இளையோர் அணியின் தலைவி ஷஃபாலி வர்மா.

நவி மும்பை இறுதியாட்டத்தில் 87 ஓட்டங்களும் இரண்டு விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகியானது அதே ஷஃபாலிதான். அன்றைய வெற்றியின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள், 664இல் தொடங்குவதற்கு முன் 1976இல் தொடங்கிப் பார்க்கட்டும்.