கொள்ளையனின் கொடையும் நெசவாளியின் களவும்

மேட்டூரைச் சூழ்ந்த மலைக்காடுகளில் திரிந்து 1964ஆம் ஆண்டு கொல்லப்பட்ட மம்பட்டியான் என்னும் கொள்ளையன், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தமிழ்த் திரையில் கதாநாயகனாக உயிர்பெற்றான். ராஜசேகர் இயக்கத்தில் தியாகராஜன் நடித்த ‘மலையூர் மம்பட்டியான்’ 1983இல் வெளிவந்தது. மறு ஆண்டில் ரஜினிகாந்த் நடிக்க ‘கங்வா’ என்று இந்தியிலும், 2011இல் தியாகராஜனே இயக்கத் தம் மகன் பிரசாந்த் நடிக்க மீண்டும் தமிழிலும் அக்கதை எடுக்கப்பட்டது. மக்கள் மனத்தில் இக்கொள்ளையனுக்கு இத்துணை இடம் எவ்வாறு கிட்டிற்று என்பது ஆராயத்தக்கது.

1983ஆம் ஆண்டுப் படத்தின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. இளையராஜாவின் இசையும் சரிதாவின் நடிப்பும் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. தியாகராஜன் மிகுதியாகப் பேசாமலே நம் அன்பைப் பெற்றுவிடுகிறார். ஆயின் அவ்வன்பு எவ்வழியாய்ப் பெறப்படுகிறது? பறிகொடுப்போர் செல்வர் என்னும் ஒரே அடையாளத்துடன் வந்து மறைகின்றனர். பெற்றுக்கொள்ளும் ஏழைகளுக்கோ கைகூப்பி நிற்பதைத் தவிர வேறு செயல் பெரும்பாலும் இல்லை. தம் துன்பத்தின் காரணத்தை ஒருவரோடொருவர் கலந்து பேசுகின்ற ஏழைகளை நாம் அங்கே காண்பது அரிது. எல்லாவற்றையும் அவர்களுக்காக ஒருவனே செய்து முடிக்கிறான். எனக்கு உறுத்தலாய்த் தோன்றுவது துப்பாக்கியன்று, இந்தக் கைகூப்புதலே.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1923இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜம்புலிங்கத்தைக் குறித்து எழுதிய நூலை வாசகரில் பலர் அறிந்திருப்பர். அம்மையாரும் அவனை ராபின் ஹுட்டுக்கு ஒப்பிடத் தயங்கவில்லை. எனினும், சரணடையும்படி அவனிடம் தாம் மன்றாடியதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த மன்றாட்டுக்கு ஒத்த ஒரு குரல் மம்பட்டியான் படத்தில் வலுவாக ஒலித்திருக்குமாயின், படம் வேறொன்றாய் இருந்திருக்கும்.

களவைப் பற்றிய மற்றொரு படம் நம் காஞ்சிபுரத்தையே களமாகக் கொண்டது. பிரியதர்ஷன் இயக்கி 2008இல் வெளிவந்த ‘காஞ்சிவரம்’ தேசிய விருது பெற்றது. வேங்கடம் என்னும் நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜும் விருது பெற்றார். கூலிக்குத் தறியிலமரும் வேங்கடம், தான் நெய்யும் பட்டைத் தன் வீட்டார் உடுத்தக் காணாதவன். மகளைப் பட்டுடுத்தி மணமுடித்து வைப்பதாக அவன் வாக்களிக்கிறான். அவ்வாக்கின் பொருட்டுப் பட்டிழையைச் சிறிது சிறிதாக வாயில் ஒளித்துக் கொண்டுவந்து, இரவில் மறைவாக நெய்கிறான். பாவும் ஊடையும் முதலாளியுடையன, கூலி மட்டுமே தன்னுடையது என்ற நிலையை இவ்வூர்த் தெருக்களில் அறியாதவர் இல்லை. முன்பணம் வாங்கிய கடன் அடையாமல் பிள்ளைகளையும் தறிக்கு அனுப்பிய வீடுகளும் இங்கே இருந்தன.

இக்களவில் கவர்ச்சி ஒன்றுமில்லை. வாய் நிறைய இழையிருக்க, அவனால் பேசவும் இயலாது. அதனினும் கொடியது பின்னர் நிகழ்வது. கூலி உயர்வுக்காக நெசவாளரைத் திரட்டி வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியவனும் அவனே. தறி நின்றால் இழை கிடையாது. மகளின் மணமோ நெருங்குகிறது. ஆகவே வேலைக்குத் திரும்புமாறு தோழரிடம் அவனே வாதாடுகிறான். பறிகொடுத்தவர் யார் என்று இப்படம் நமக்குக் காட்டிவிடுகிறது. முதலாளி இழந்தது சில கழி பட்டு மட்டுமே. உடன் உழைத்தவர்களோ தங்கள் போராட்டத்தையே இழந்தனர். மம்பட்டியான் படத்தில் இத்தகைய கணக்குக்கு இடமில்லை. இருந்திருந்தால் நாயகன் அத்தனை அழகாய்த் தோன்றியிருக்கமாட்டான்.

‘காஞ்சிவரம்’ குறையற்ற படமன்று. பொதுவுடைமையாளர் வரும் காட்சிகளில் சொற்பொழிவின் சாயல் மிகுதி. முடிவிலும் துயரத்தின்மேல் துயரம் அளவுக்கு மிஞ்சி அடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் இறுதிக் காட்சியை நான் குறை கூறேன். காவலர் துணையுடன் சிறையிலிருந்து வந்த வேங்கடம், முற்றுப்பெறாத அந்தச் சேலையால் மகளின் உடலைப் போர்த்த முயல்கிறான். முகத்தை மூடினால் பாதம் வெளிப்படுகிறது. பாதத்தை மூடினால் முகம்.