உடன் பயில்வோர் தரும் காற்கூறு

ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கல்வியில் காற்கூறே. மற்றொரு காற்கூறு உடன் பயில்வாரோடு பழகுவதால் வரும். எஞ்சிய இரு கூறுகளும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும். நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் காட்டும் கணக்கு இது. தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. அறிந்தும் வகுப்பறையில் நான்கு கூற்றையும் தாமே எடுத்துக்கொள்வோர் பலர் என்பது வேறு செய்தி.

இக்கணக்கைக் கொண்டு அளந்து பார்க்க ஏற்ற முயற்சி ஒன்று அன்றைய மலாயாவில் நடந்தது. 1950-51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பே அது. சிறுகதை எழுதும் முறை பாடமாக வந்தது, பயிற்சி தரப்பட்டது, எழுதி அனுப்பியோர் மதிப்பிடப்பட்டனர். தோட்டத்து இளைஞரும் பட்டணத்து இளைஞரும் ஒரே தாளைப் பார்த்துப் பயின்றனர். மலேசியச் சிறுகதை வரலாற்றில் அதற்குரிய இடத்தை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வகுப்பு ஆசிரியரைச் சுற்றியே அமைந்தது. பயிற்சி அவருடையது, தீர்ப்பும் அவருடையது. 1952இல் தமிழ் முரசில் சுப. நாராயணன் தொடங்கிய இரசனை வகுப்பு ஒருபடி மேலே சென்றது எனலாம். எழுதுகிறவன் பிறர் எழுத்தை எடைபோடவும் பழக வேண்டும் என்னும் நோக்கம் அதில் உண்டு.

இன்று பினாங்கில் ஆசிரியப் பயிற்சி பெறும் தமிழ் மாணவர்க்கு அஞ்சலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தொல்லை இல்லை. எழுதிய மறுகணமே தோழர் படிக்கலாம். ஆனால் குழுப்பணி என்னும் பெயரால் பலவிடத்தும் நடப்பது யாது? ஒருவர் எழுத, ஐவர் பெயர் ஏறுகிறது. அன்றேல் ஐந்து துண்டாகப் பங்கிட்டு எழுதி ஒட்டிவிடுகின்றனர். ஒருவர் துண்டை மற்றவர் படிப்பதே இல்லை!

தைப்பூசத்தையொட்டிப் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்லும் வெள்ளி இரதத்தைப் பொருளாகக் கொள்வோம். ஐவரும் தனித்தனியே எழுதட்டும். ஜார்ஜ் டவுனில் வளர்ந்தவளுக்கு அது வாசலில் கண்ட காட்சி. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கோ ஓரிரவுப் பயணம். ஒருவர் எழுத்தை மற்றவர் படித்து, விளங்காத இடத்தை எழுத்து மூலமே வினவ வேண்டும். ‘நன்றாயிருக்கிறது’ என்பது திறனாய்வு ஆகாது. எழுதியவர் மறுமொழி கூறித் திருத்தும்வரை ஆசிரியர் சிவப்பு மையைத் தொடலாகாது. மதிப்பெண்ணில் பாதியைக் கட்டுரைக்கும் பாதியைக் கேட்ட வினாக்களுக்கும் வழங்கலாம். திருத்துமுன் இருந்த படியையும் உடன் வாங்கி வைத்தால், எவர் வினாவால் எவ்வரி மாறியது என்பது ஆசிரியர்க்குத் தெரிந்துவிடும்.