அறிவியல் யாருக்குக் கடினம்?

அறிவியல் கடினமா, எளிதா என்று ஓர் ஆண்பிள்ளையிடம் கேட்டால் அது பாடத்தைப் பற்றிய கேள்வி. பெண்பிள்ளையிடம் கேட்கும்போது அதுவே அவளைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. அவன் தோற்றால் விளையாட்டுப் புத்தி. அவள் ஜெயித்தால் மனப்பாடம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1869-இல் ‘பெண்மதி மாலை’ எழுதிப் பெண்கல்விக்காக வாதாடினார். 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவோ, பெண்களுக்கான தொடக்கப் பள்ளிகளில் பாடத்தரம் ஆண்களுடையதைவிட எளிதாக, இல்லறத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. விடுதலைக்குப் பிறகு லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) அறிவியலையும் மனையியலையும் தனித்தனிப் பிரிவுகளாக வைத்தது. பெண்கள் மனையியல் படிக்கச் சிறப்பு வசதி கேட்டது. இந்தப் பாகுபாட்டை 1960களின் தொடக்கத்தில் ஹன்சா மேத்தா குழு மறுத்தது. கோத்தாரி குழு (1964–66) முதல் பத்தாண்டுப் படிப்பில் அறிவியலும் கணிதமும் எல்லோருக்கும் கட்டாயம் என்றது. ஆக, பெண்ணுக்கு அறிவியல் வராது என்பதை யாரும் சோதித்துக் கண்டறியவில்லை. சலுகை என்ற பெயரில் முதலில் விலக்கினார்கள். விலகி நின்றவளைக் காட்டி, வராது என்றார்கள்.

இன்று பாடநூல் ஒன்றுதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். ஆனாலும் மின்சுற்றை இணைக்கும் கை பையனுடையதாகவும், ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் வரையும் கை பெண்ணுடையதாகவும் பிரியும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. தொட்டுப் பார்க்காத கருவி கடினமாகத்தான் தோன்றும்.

‘சமையலறையே ஆய்வுக்கூடம்’ என்ற பாராட்டையும் சந்தேகிக்க வேண்டும். காவிரிப் படுகைப் பெண்களுக்கு நெல் அவிக்கும் பக்குவம் தெரியும். விதைநெல்லை உப்புநீரில் போட்டு, மிதக்கும் பதரைக் கழிக்கத் தெரியும். அது அடர்த்தி பற்றிய அறிவு. அதை அறிவியல் என்று மதித்தால், இருபாலரின் தேர்வுத்தாளிலும் கேள்வியாகக் கேட்கட்டும். பாராட்டிவிட்டு அவளை அடுப்படிக்கே திருப்பி அனுப்புவது பழைய மனையியல்தான்.

மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில் வளர்ந்து, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் இராமாமிர்தம் அம்மையார். அவர் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ எனத் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரி சேர்ந்தபின் மாதம் 1000 ரூபாய். நல்ல திட்டம், ஆனால் அறிவியலைப் பொறுத்தவரை இரண்டாண்டு தாமதமாக வருகிறது. அவள் அறிவியல் படிப்பாளா என்பது பதினைந்து வயதில், பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சயின்ஸ் குரூப் உள்ள பள்ளி தூரம். பஸ் பாஸ் இலவசம்தான். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் இறங்கி நடப்பவளுக்கு யார் துணை? டியூஷன் பணம் தம்பிக்கா, அவளுக்கா? இத்தனையையும் வீடு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: “உனக்கு அது கஷ்டம்மா, வேற குரூப் எடு.”

இந்த வரியில் கஷ்டம் என்பது இயற்பியலைக் குறிக்கவில்லை. பக்கத்தில் இல்லாத பள்ளியையும், கிடைக்காத துணையையும், ஒதுக்காத பணத்தையும் குறிக்கிறது. அவற்றுக்கு அரசும் வீடும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத் தன் அறிவுக்குறையாகச் சுமக்க வேண்டியவள் அவளல்ல.