கதையில் நான் எங்கே நின்றேன்?

ஒரு சிறுகதையை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். கதை எளிமையானதுதான். புக்கிட் காத்தில் பக்கம் என் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம் தாமானாக மாறுகிறது. லயத்து வீட்டைக் காலி செய்ய ஒரு கிழவி மறுக்கிறாள். மேம்பாட்டாளர் வில்லன். இயந்திரம் வரும் நாளில் கிழவி முனியாண்டி மேடையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். முற்றும்.

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் வாசித்தால் பொய்யாக இருந்தது. எந்த இடத்தில் பொய் என்றுதான் பிடிபடவில்லை.

தோட்டம் கைவிட்டுப்போவது மலேசியத் தமிழ்க் கதைக்குப் புதிதல்ல. தோட்டத் துண்டாடலில் நம் ஆட்கள் நடுத்தெருவுக்கு வந்ததால்தான் 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் கோபம் நியாயமானது. சிக்கலும் அங்கேதான். எழுத உட்காரும் முன்பே நியாயத்தின் பக்கம் நமக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. நாமும் யோசிக்காமல் அதில் உட்கார்ந்துவிடுகிறோம்.

அந்த நேரத்தில்தான் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை இரண்டாவது முறை வாசித்தேன். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தபோது செகந்திராபாத்தில் வளர்ந்த அசோகமித்திரனுக்குப் பதினேழு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1952-இல் சென்னைக்குப் போய்விட்டார். நாவல் வந்தது 1977-இல். இடையில் 29 ஆண்டுகள்.

நாவலின் பெரும்பகுதியில் சந்திரசேகரன் பயப்படுகிற பக்கத்தில் இருக்கிறான். நிஜாம் ஆட்சி, ரஜாக்கர்கள், என்ன ஆகுமோ என்ற கலக்கம். அப்படியே முடித்திருந்தால் நல்ல வரலாற்று நாவல் என்று சொல்லி நகர்ந்திருப்போம். ஆனால் கடைசியில் கலவரத்தின் நடுவே அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். உள்ளே ஒடுங்கி நிற்கும் முஸ்லிம் குடும்பம். அவர்களை விட்டுவிடச் சொல்லி ஒரு பெண் தன் ஆடையைக் களைகிறாள். அவன் வெளியே ஓடுகிறான். அவன் எதுவுமே செய்யவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் பயங்கரம் என்றால் அது அவன்தான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். என் கதையில் இல்லாத ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

நான் சிவில் இன்ஜினியர். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அந்தத் தாமானுக்கு வடிகால் வரைபடம் போட்ட குழுவில் இருந்தேன். மழைவெள்ளம் தேங்கும் குளத்தை ஆகத் தாழ்வான நிலத்தில்தான் வைக்கவேண்டும். லயம் இருந்த இடம்தான் தாழ்வு என்று வந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. “அடமழ பேஞ்சா அடுப்படி வரைக்கும் தண்ணி வந்துரும்யா” என்று பாட்டி சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நினைவை வைத்துத்தான் என் கணக்கைச் சரிபார்த்தேன்.

நிஜத்தில் பாட்டி எந்த மேடையையும் கட்டிப்பிடிக்கவில்லை. சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டு லோரியில் முன்சீட்டில் ஏறினார். வீடு இருந்த இடத்தில் குளம் வருவதையும், அதைக் கணக்குப் போட்டது நான் என்பதையும் பிறகு சொன்னேன். “நீ போட்டா சரியாத்தான்யா இருக்கும்” என்றார். மூன்று வரைவிலும் இந்த ஒரு வரி இல்லை.

இதனால் மேம்பாட்டாளரை நான் விடுவிக்கவில்லை. அவருடைய அதிகாரமும் என் கால்குலேட்டரும் ஒன்றல்ல. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘நானும் குற்றவாளி’ என்று எழுதிக் கைத்தட்டல் வாங்குவதும் சுகமான நாற்காலிதான். அசோகமித்திரன் அதில் உட்காரவில்லை. சந்திரசேகரனை மன்னிப்புக் கேட்கவிடவில்லை, அழவைத்து நம்மிடம் அனுதாபம் வாங்கித் தரவும் இல்லை. ஓடவிட்டு நாவலை முடித்துவிடுகிறார். கதை எழுதும்போது உள்ளே நடக்கும் பயணம் என்று நாம் சொல்வதெல்லாம், பெரும்பாலும், சம்பவத்தில் நாம் நின்ற இடத்தைத் தேடிப்போவதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நான்காவது வரைவை ஆரம்பித்திருக்கிறேன். பேரன் குளத்தின் ஆழத்தைக் கணக்குப் போடுகிறான். பாட்டி சொன்ன வரி வந்துவிட்டது. அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்ற இடத்தில் இரண்டு வாரமாக நிற்கிறேன். நிஜத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அதை அப்படியே எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.