நாக்கைப் பார்த்தா, பாலூட்டலைப் பார்த்தா?

பச்சிளங்குழந்தையின் நாக்கடிச் சவ்வு குட்டையாகவோ தடித்தோ இருந்தால் நாக்கு மேலெழும்பாது. ஈறைத் தாண்டி நீளாது. நாக்கு ஒட்டு என்பது இதைத்தான். இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலரால் மார்பை ஆழமாகக் கவ்வ முடிவதில்லை. காம்பின் நுனியை மட்டும் நசுக்கி உறிஞ்சுவதால் தாய்க்குப் புண், குழந்தைக்கு அரைவயிறு. சவ்வை வெட்டிவிடுவது பழைய வைத்தியம். அது அண்மைக்காலத்தில் கண்டபடி பெருகிவிட்டதா என்பதே இப்போதைய விவாதம்.

வெட்டு எளிது. குழந்தையைத் துணியில் சுற்றி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நாக்கை உயர்த்தி, முனை மழுங்கிய கத்தரியால் ஒரு நறுக்கு. சில சொட்டு ரத்தம் வரும். உடனே பால் கொடுக்கலாம். பலனும் உண்டு. 5 சோதனைகளில் பங்கேற்ற 302 குழந்தைகளின் தரவைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைவதைக் கண்டது. வலி தாளாமல் புட்டிப்பாலுக்கு மாறும் தாய்மார்களை நினைத்தால் இது சிறிய லாபமில்லை.

ஆனால் குழந்தை பால் குடிப்பது சீராக மேம்பட்டதற்கு அதே ஆய்வில் சான்றில்லை. பிரிட்டனின் ஃப்ராஸ்டி சோதனையில், வெட்டும் பாலூட்டல் உதவியும் பெற்ற பிரிவில் 88 விழுக்காட்டினரும், உதவி மட்டும் என ஒதுக்கப்பட்ட பிரிவில் 86 விழுக்காட்டினரும் 3ஆம் மாதத்தில் தாய்ப்பால் பெற்றனர். இதை வைத்து வெட்டு வீண் என்றும் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டாம் பிரிவில் 73 விழுக்காட்டினர் பிறகு வெட்டிக்கொண்டதால் ஒப்பீடே நீர்த்துப்போனது. வலியில் இருக்கும் தாயிடம் பொறுத்திருக்கச் சொல்வது எளிதல்ல என்பதையும் அந்த எண் சொல்கிறது.

குறை, யாருக்கு வெட்டுவது என்ற தேர்வில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் 1997இல் 3,934 குழந்தைகளுக்கு நாக்கு ஒட்டு எனக் கண்டறியப்பட்டது. 2012இல் 32,837 பேருக்கு. 15 ஆண்டுகளில் குழந்தைகளின் நாக்கு மாறிவிடவில்லை, பார்க்கும் கண்தான் மாறியது. எளிதில் புலப்படாத ‘பின்புற ஒட்டு’ என்ற வகை சேர்ந்தபின் எல்லை இன்னும் கலங்கியது. ஒட்டு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பாலூட்டலில் சிக்கல் வருகிறது என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் 2024 அறிக்கை. வெட்டியபின் புண்ணை இழுத்துவிடும் பயிற்சிகளையும் அது பரிந்துரைக்கவில்லை.

வெட்டுமுன் பாலூட்டலைக் கவனித்து முடிவெடுக்கும் மாற்றுவழி ஏட்டளவில் நிற்கவில்லை. பாஸ்டனில் வெட்டுக்காக அனுப்பப்பட்ட 115 குழந்தைகளைப் பல்துறைக் குழு ஒன்று பாலூட்டலோடு சேர்த்து ஆராய்ந்தபோது, 62.6 விழுக்காட்டினருக்கு அறுவை தேவைப்படவில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரியில் மதிப்பீட்டு முறையைச் சீர்ப்படுத்தியபின், வெட்டு 11.3 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடாகக் குறைந்தது. தாய்ப்பால் பெறுவோர் விகிதம் சரியவில்லை.

ஆகவே முதலில் ஒரு முழுப் பாலூட்டலை உடனிருந்து பார்க்க வேண்டும்: குழந்தையைப் பிடிக்கும் நிலை, கவ்வல், விழுங்கும் ஒலி, பால் குடித்தபின் காம்பின் வடிவம், எடை. இவற்றைச் சரிசெய்தும் வலி தீராமல், நாக்கும் உண்மையிலேயே கட்டுண்டிருந்தால் வெட்டத் தயங்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், வெட்ட ஒரு நிமிடம் போதும். தாயருகே உட்கார மணிக்கணக்கில் ஒரு தேர்ந்த செவிலியர் வேண்டும். அந்த ஆளைத் தராமல் வெட்டை மட்டும் கட்டுப்படுத்தினால், மருத்துவமனையின் கணக்கு குறையும், தாயின் வலி குறையாது.