சிலேட்டுச் சரிவில் பழுக்கும் ரீஸ்லிங்

மோசல் ஒயினைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: வெறும் இனிப்பு. மலிவான நாலு புட்டிகளைக் குடித்துவிட்டு எழுதிய தீர்ப்பு அது. அங்கே விளையும் ரீஸ்லிங் திராட்சையின் நல்ல ஒயினில் இனிப்பை ஒரு புளிப்பு விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுபறிதான் ருசி. அதற்குக் காரணம் கேட்டால் மலைச்சரிவைத்தான் காட்ட வேண்டும்.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் பிரெம் என்ற ஊரையொட்டி எழும் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்து. டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஊரும் சிறு வண்டிதான் ஆளையும் கூடையையும் மேலேற்றுகிறது. காலடியில் மண்ணைவிட உடைந்த சிலேட்டுக் கல்தான் அதிகம். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடச் சிலேட்டும் இதே இனக் கல்தான். சரிவில் கிடக்கும் இந்தக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். தெற்கு பார்த்த சரிவும், வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஆறும், இந்தக் கல்லும் சேர்ந்துதான் 50 பாகை வடக்கில் திராட்சையைப் பழுக்க வைக்கின்றன. அதுவும் ஆற அமர, அக்டோபர் வரை இழுத்தடித்து. புளிப்பு கரையாமல் தங்குவது அந்தத் தாமதத்தால்தான்.

பழைய தோட்டங்களில் பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. செடிக்கு ஒரு கழி, அவ்வளவுதான். கவாத்து செய்து இரண்டு கொடிகளை மட்டும் விட்டு, இருபுறமும் வளைத்துக் கீழிறக்கிக் கழியோடு கட்டுவார்கள். பார்த்தால் இதய வடிவம். காய்ந்த நாளில் வளைத்தால் மளுக்கென்று ஒடிந்துவிடும். காற்றில் ஈரம் உள்ள நாளாகப் பார்த்துத்தான் கை வைப்பார்கள். ஏதோ அலங்காரம் என்று தோன்றும். ஆனால் கம்பி குறுக்கே இல்லாததால், வேலை செய்பவர் சரிவில் பக்கவாட்டிலும் நடந்து போகலாம். அந்தச் செங்குத்தில் இது சின்ன வசதியல்ல.

இங்கே ஒயின் ரோமானியர் காலத்துத் தொழில். நொய்மாகன் என்ற ஊரில் 1878இல் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுக் கற்படகுச் சிற்பம், ஒயின் வணிகர் ஒருவரின் கல்லறையை அலங்கரித்தது. அதில் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு மாலுமியின் முகத்தில் சிரிப்பு. சரக்கை ருசி பார்த்துவிட்டார் போலும். ரீஸ்லிங் செல்வாக்குப் பெற்றது வெகு பின்னால். மட்டமான ரகங்களைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகங்களை நடச் சொல்லி, ட்ரியர் நகரப் பேராயர் கிளெமென்ஸ் வென்சஸ்லாஸ் 1787இல் ஆணையிட்டார்.

அதே ட்ரியரில் 1818இல் பிறந்தவர் கார்ல் மார்க்ஸ். 1834இல் ஜெர்மன் அரசுகள் சுங்க ஒன்றியமாக இணைந்ததும் தெற்கத்தி ஒயின் வரியில்லாமல் வந்து குவிய, மோசல் விவசாயி நொடித்துப்போனான். அந்தத் துயரத்தை மார்க்ஸ் 1843இல் பத்திரிகையில் எழுதினார். தன்னைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பிய விஷயங்களில் இதுவும் ஒன்று என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். ஒயின் ரசிகர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

என் தேர்வு, லேசான இனிப்புள்ள காபினெட் வகை. ஆல்கஹால் 8 சதவீதம் போலத்தான். இளமையில் பச்சை ஆப்பிள், எலுமிச்சை வாசனை. பல வருஷம் கிடந்தால் மெல்லிய மண்ணெண்ணெய் நெடி ஏறும். அதைக் குறை என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, புட்டி எனக்கு மிஞ்சும்.

இப்போது கோடை சூடேறி, பழம் சீக்கிரமே பழுத்துவிடுகிறது. ஒருகாலத்தில் குளிரில் தவித்த சார், ரூவர் கிளைப் பள்ளத்தாக்குகளுக்கு இது நல்ல காலம். காபினெட்டின் மெலிவைக் காப்பதுதான் கஷ்டமாகி வருகிறது. இத்தனை பாடுபட்டு எடுத்த புட்டி, பிரான்சின் பேர்பெற்ற பர்கண்டி ஒயின் விலையில் சிறு பங்குக்கே போகிறது. குடிப்பவருக்கு ஆதாயம்தான், ஆனால் சரிவின் உச்சிப் பாத்திகள் பல இடங்களில் புதர் மண்டிக் கிடப்பதற்கு அந்த விலையும் ஒரு காரணம்.